சுவாரெஸ், லூயிஸ்: சர்ச்சைகளும் தண்டனைகளும்

உருகுவே முன்கள வீரர் லூயிஸ் சுவாரெஸ், எதிரணி வீரர்களைக் கடித்ததற்காக மூன்று முறை தண்டிக்கப்பட்டவர். 2010இல் அயாக்ஸ் அணியில் ஆடியபோது ஒட்மன் பக்கலைக் கடித்து 7 ஆட்டங்களுக்கும், 2013இல் லிவர்பூலுக்காக ஆடியபோது இவானோவிச்சைக் கடித்து 10 ஆட்டங்களுக்கும் தடை பெற்றார். 2014 உலகக் கோப்பையில், நட்டால் நகரில், இத்தாலியின் கியெல்லினியின் தோளைக் கடித்தார். கியெல்லினி சட்டையை விலக்கிப் பல் தடத்தைக் காட்டியும் நடுவர் நடவடிக்கை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் உருகுவே கோல் அடித்து வென்றது. நிலைதடுமாறி விழுந்ததாக முதலில் சொன்ன சுவாரெஸ் பிறகு மன்னிப்புக் கேட்டார். ஃபிஃபா அவருக்கு 9 சர்வதேச ஆட்டங்களுக்கும், நான்கு மாதங்களுக்கு எல்லாக் கால்பந்து நடவடிக்கைகளுக்கும் தடை விதித்தது. இவை எல்லாவற்றையும்விடக் கனமானது 2011இல் எதிரணி வீரர் பத்ரிஸ் எவ்ராவை இனரீதியாக இழிவுபடுத்திய குற்றம். அதற்குக் கிடைத்ததோ 8 ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும்தான்.