'மாதொருபாகன்' சர்ச்சை: கலெக்டர் ஆபீஸ் கையெழுத்து செல்லுமா? ஐகோர்ட் சொன்னது என்ன?

அரசு புத்தகத்தைத் தடை செய்யவில்லை. எழுதியவரைக் கைது செய்யவும் இல்லை. ஆனாலும் கொங்கு மண்ணின் முக்கியமான எழுத்தாளர் ஒருவர் எழுத்தையே விட்டு ஒதுங்கினார். எப்படி?

என்ன நடந்தது?

நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் பெருமாள்முருகன். இவரது 'மாதொருபாகன்' நாவல் 2010-ல் வெளியானது. குழந்தை இல்லாத காளி - பொன்னா தம்பதி ஊராரிடம் படும் அவமானமும், அவர்களின் அன்பும்தான் கதை. வெள்ளைக்காரர் ஆட்சிக்கால திருச்செங்கோடுதான் களம்.

நாலு வருஷம் எந்தப் பிரச்னையும் இல்லை. 2014 டிசம்பரில் திடீரென எதிர்ப்பு கிளம்பியது. திருவிழாவின்போது குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் வேறு ஆணுடன் சேரும் வழக்கம் இருந்ததாக நாவலில் வருகிறது. இது கோயிலையும் ஊர்ப் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்றார்கள் எதிர்ப்பாளர்கள். புத்தகம் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9-ம் தேதி திருச்செங்கோட்டில் கடையடைப்பு.

கையெழுத்து எதற்கு?

ஜனவரி 12-ம் தேதி நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில், அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என எழுதிய தாளில் பெருமாள்முருகன் கையெழுத்துப் போட்டார். அதன்பின், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாகவும், எல்லா நூல்களையும் திரும்பப் பெறுவதாகவும் ஃபேஸ்புக்கில் அறிவித்தார். ஊரை விட்டு சென்னைக்குப் போனார்.

கோர்ட் சொன்னது என்ன?

அந்த உடன்பாட்டை எதிர்த்து தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் சார்பில் வழக்குப் போட்டார்கள். இன்னொரு பக்கம், புத்தகத்துக்கு எதிரான மனுக்கள். 2016 ஜூலை 5-ம் தேதி, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. முக்கியமானவை:

* பேச்சுவார்த்தையில் போட்ட உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது.

* புத்தகத்துக்கும் ஆசிரியருக்கும் எதிரான மனுக்கள் ஏற்கத்தக்கவை அல்ல.

* பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் மூடி வைக்க வாசகருக்கு உரிமை உண்டு.

* எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும்.

இது ஏன் முக்கியம்?

கூட்டம் மிரட்டும்போது, எழுதியவருக்குப் பாதுகாப்பு கொடுப்பதுதான் அரசின் வேலை. அப்படிச் செய்யாமல் 'சமாதானம்' என்ற பெயரில் எழுத்தாளரையே பணிய வைத்தால், தடை உத்தரவே தேவையில்லை. ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்து செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அப்புறம் என்ன ஆச்சு?

2016 ஆகஸ்டில் 'கோழையின் பாடல்கள்' கவிதைத் தொகுப்புடன் பெருமாள்முருகன் திரும்பி வந்தார். அடுத்து 'பூனாச்சி'. மனிதர்களைப் பற்றி எழுதவே பயம் என்று சொல்லி, ஒரு வெள்ளாட்டின் கதையை எழுதினார். அதில் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் அரசு காது குத்திக் கணக்கு வைக்கிறது. கேள்வி கேட்கவே ஜனங்கள் பயப்படுகிறார்கள். ஆட்டுக்கதைதான், ஆனால் யாரைச் சொல்கிறது என்று வாசகருக்குப் புரியும். 2023-ல் 'ஆளண்டாப் பட்சி' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜேசிபி பரிசு வென்றது.

ஆனால் திரும்பி வந்தபோது அவர் சொன்ன ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கும் தணிக்கையாளர் ஒருவர் தனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றார். தாளில் போட்ட கையெழுத்தை கோர்ட் செல்லாது என்று சொல்லிவிட்டது. மனதுக்குள் உட்கார்ந்த பயத்துக்கு அப்படி ஒரு தீர்ப்பு கிடையாது.