விடுதியிலிருந்து வீட்டுக்கு

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னார் தலைவி அக்கா. எனக்கு ராஜா ராணி கதையெல்லாம் தெரியாதுங்க என்றேன். தெரிஞ்சதை எழுது அம்மிணி என்றார்.

1997-இல் எனக்கு எட்டு வயது. அப்பா தவறிவிட்டார். அம்மா ஸ்பின்னிங் மில்லுக்குப் போனார். அந்தக் கூலி மூன்று வயிற்றுக்குப் பத்தவில்லை. ஆறு வயதுத் தம்பியை ஒரு அனாதை விடுதியில் விட்டார். சோறு, துணி, படிப்பு எல்லாம் அங்கே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொங்கல் லீவுக்கு வந்தவன், "இன்னொரு தோசை எடுத்துக்கலாமுங்களா?" என்று பெத்த அம்மாவிடமே அனுமதி கேட்டான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அம்மா இருந்தும் அவன் பேர் அனாதை.

நம் பக்கம் சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் சிசுக்கொலை நடந்த காலம். அது உயிரைக் காப்பாற்றிய திட்டம், லேசாகச் சொல்லக் கூடாது. ஆனால் என் தம்பி போல, வறுமைக்காக விடுதிக்குப் போன பிள்ளைகளின் கதை வேறு.

தமிழ்நாட்டு விடுதிகளில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை பற்றிய வழக்கு ஒன்று 2007-இல் உச்ச நீதிமன்றம் போனது. 2017 மே 5-இல் தீர்ப்பு வந்தது. எல்லா விடுதியும் பதிவு செய்ய வேண்டும், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே 2015 சட்டம், விடுதி என்பது கடைசி வழிதான் என்று சொல்லியிருந்தது.

பிறகு கொரோனா. நாடு முழுக்க விடுதிகளில் இருந்த சுமார் 2.27 லட்சம் பிள்ளைகளில் 1.45 லட்சம் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தனை பேருக்கும் போக ஒரு வீடு இருந்திருக்கிறது, பாருங்கள்! வீட்டுக்கு வந்தால் படிப்புச் செலவு? மாதம் 2,000 ரூபாய் கொடுங்கள் என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. இப்போது மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு மாதம் 4,000. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், பெற்றோர் இல்லாத பிள்ளையை வளர்க்கும் சொந்தக்காரர் கேட்கலாம். கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷம் 72,000-க்குள் இருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு அம்மாயி, பேத்திகள் இரண்டு பேரை விடுதியில் விடுவதற்குத் துணிமணி மூட்டை கட்டி வைத்திருந்தார். வாரக் கூட்டத்தில்தான் தெரிந்தது. வருமானச் சான்றுக்கு மூன்று நடை, பேங்க் கணக்குக்கு இரண்டு நடை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நானும் கூடப் போனேன். குழந்தைகள் நலக் குழு முன்னால் பெரிய பேத்தி, "அம்மாயிகூடவே இருக்கறனுங்க" என்றாள். பணம் வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை குழுவில் ஆளுக்கு ஒரு படி அரிசி கொடுத்தோம்.

தம்பி இப்போது திருப்பூரில் வேலையாக இருக்கிறான். இதைச் சொன்னதும், "அன்னிக்கு நம்ம அம்மாகிட்ட யாரும் வந்து கேக்கலியாக்கா?" என்றான்.

யாரும் கேட்கவில்லை என்றேன்.