உள்ளே கசியும் குருதி: அம்புலன்சில் ஸ்கான், தொலைவில் வைத்தியர்

எறிகணைச் சிதறல் பட்டவரைத் தூக்கிச் சென்றவர்களுக்கு இது தெரிந்த விடயம். வெளியே சிறு துளைதான் இருக்கும். ஆள் கதைத்துக்கொண்டே வருவார். சிறிது நேரத்தில் முகம் வெளிறி, உடல் வியர்த்து, நாடி தளர்ந்துவிடும். வயிற்றுக்குள் குருதி கசிந்துகொண்டிருந்தது அப்போதுதான் புரியும். இன்று வீதி விபத்துகளிலும் இதுவே நடக்கிறது.

கையால் அழுத்தி நிறுத்த முடியாத குருதிப்பெருக்கு இது. பெரும்பாலும் சத்திரசிகிச்சைக் கூடத்தில்தான் நிறுத்தலாம். ஆகவே, வைத்தியசாலை வாசலுக்கு வருமுன்பே இதைக் கண்டறிய முடியுமா என்பது முக்கியமான கேள்வி. கைக்கு அடக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கான் கருவிகள் அதற்கு வழி திறந்துள்ளன.

நான்கு இடங்கள்

காயமடைந்தவருக்குச் செய்யும் இந்த விரைவுப் பரிசோதனையை வைத்தியர்கள் 'ஃபாஸ்ட்' என்பார்கள். வலப்புறம் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே, இடப்புறம் மண்ணீரலைச் சுற்றி, கீழே சிறுநீர்ப்பையை அடுத்து, மேலே இதயத்தின் உறைக்குள் என நான்கு இடங்கள் பார்க்கப்படும். அங்கே தேங்கிய குருதி திரையில் கருமையாகத் தெரியும். நெஞ்சையும் சேர்த்துப் பார்த்தால், நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருப்பதையும் கண்டுபிடிக்கலாம்.

கை இங்கே, கண் அங்கே

கருவியை வாங்குவது எளிது. படத்தைச் சரியாக எடுத்து வாசிக்கப் பழகுவதுதான் கடினம். தொலைவழிகாட்டல் இந்த இடைவெளியை நிரப்புகிறது. அம்புலன்சில் இருக்கும் பராமெடிக் உடலில் கருவியை வைக்கிறார். படம் கைத்தொலைபேசி வலையமைப்பிலோ செய்மதி வழியாகவோ வைத்தியரின் திரைக்குப் போகிறது. 'இன்னும் சற்று முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள், அப்படியே பிடியுங்கள்' என்று அவர் குரலால் வழிநடத்துகிறார்.

இம்முறை விண்வெளியிலும் பரீட்சிக்கப்பட்டது. 2004இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த மைக்கேல் ஃபிங்க்கும் கென்னடி படால்காவும், தரையிலிருந்த நிபுணர்கள் சொல்லச் சொல்ல, தோள்மூட்டை ஸ்கான் செய்தார்கள். இருவரும் வைத்தியர்கள் அல்லர்.

2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஸ்கான் அனுபவமே இல்லாத 51 பராமெடிக்குகளுக்கு 20 நிமிட விரிவுரை ஒன்று மட்டும் கொடுக்கப்பட்டது. தொலைவிலிருந்த வைத்தியரின் வழிகாட்டலில் அவர்கள் நான்கு இடங்களையும் சராசரியாக 5 நிமிடத்துக்குள் படமெடுத்தார்கள். ஆனால் அது பயிற்சிச் சூழல். இருட்டும் மழையும் அலறலும் உள்ள வீதியோரம் வேறு. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் வைத்தியசாலைகள் வெகு தூரம் என்பதால், ஓடும் அம்புலன்சிலிருந்து செய்மதி, கைத்தொலைபேசி வலையமைப்புகள் ஊடாகப் படம் அனுப்பும் முறையை அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரீட்சித்துள்ளனர்.

படம் வந்தபின்

குருதி தெரிந்தாலும் வழியில் வயிற்றைத் திறக்க முடியாது. மாறுவது முடிவுகள்தான். சத்திரசிகிச்சை நிபுணர் இல்லாத அருகிலுள்ள வைத்தியசாலையைத் தாண்டி, தூரமானாலும் அவர் இருக்கும் இடத்துக்கு வண்டி நேரே போகலாம். அங்கே குருதியும் சத்திரசிகிச்சைக் கூடமும் தயாராகக் காத்திருக்கலாம்.

எச்சரிக்கைகள்

'ஒன்றும் தெரியவில்லை' என்பது 'ஒன்றும் இல்லை' என்பதாகாது. வயிற்றில் சுமார் 200 மில்லிலீற்றருக்குக் குறைந்த குருதி பெரும்பாலும் படத்தில் தெரியாது. வயிற்றறைக்குப் பின்புறம் கசிவதையும் இப்பரிசோதனை தவறவிடலாம். வெளியே பாயும் இரத்தத்தை நிறுத்துவதும் சுவாசப்பாதையைக் காப்பதும் முதலில். ஸ்கானுக்காக வண்டி வீதியோரம் காத்து நிற்கக்கூடாது. ஓடும்போதே செய்ய வேண்டும்.

எமது பகுதிகளில்

2016இல் இந்திய நிதியுதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2018 யூலையில் வடக்குக்கும் விரிந்தது. போர்க்காலத்தில் உழவு இயந்திரத்திலும் மோட்டார் சைக்கிளிலும் காயக்காரரை ஏற்றிய மக்களுக்கு அது பெரிய மாற்றம். ஆனால் முல்லைத்தீவின் கரையோரக் கிராமத்திலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை இன்றும் தூரம்தான்.

தொலைவழி ஸ்கான் பொருந்துவது இப்படியான தூரங்களுக்கே. அதற்குக் கருவி மட்டும் போதாது. நள்ளிரவிலும் மறுமுனையில் பதில் சொல்லும் வைத்தியர், வழியெங்கும் அறுபடாத வலையமைப்பு, மறக்காதபடி தொடர்ந்த பயிற்சி, படத்தை நம்பிச் சத்திரசிகிச்சைக் கூடத்தைத் திறக்கும் ஒழுங்கு ஆகிய நான்கும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அம்புலன்சில் ஏறுவது இன்னொரு பெட்டி மட்டுமே.