ஒரு வகுப்பறைப் படமும் நூறு உயிர்களும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பயிற்சிக் கலாசாலையில் நாம் எல்லோரும் கட்புலச் சாதனங்கள் பற்றிப் படித்திருக்கிறோம். பட அட்டை, மாதிரியுரு, வரைபடம், ஒளிப்படம் என்று வகைப்படுத்திப் பரீட்சையில் எழுதியும் இருக்கிறோம். அப்படியான ஒரு சாதனம் சரியாகப் பயன்பட்டால் என்ன நடக்கும், இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதை ஒரே நாளில் காட்டிவிட்டுப் போன வரலாறு ஒன்று உண்டு. அது நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல. 2004 டிசம்பர் 26.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. நமது கரைக்கு அலை வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இந்த இடைவெளியில் நமக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கான ஏற்பாடு இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவும் இல்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 10,000 பேருக்கு மேல் நமது அம்பாறை மாவட்டத்தவர்கள். நாட்டிலேயே அதிக இழப்பு நமக்குத்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எந்த ஊரிலும் ஜனாஸாவோ மரணச் சடங்கோ நடக்காத தெரு குறைவு. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், மை காவ் கடற்கரையில், இங்கிலாந்துச் சிறுமி ஒருத்தி பெற்றோருடன் நடந்துகொண்டிருந்தாள். பெயர் டில்லி ஸ்மித், வயது 10. கடல் நுரைத்துக்கொண்டு உள்ளே வருவதையும், வந்த தண்ணீர் திரும்பிப் போகாததையும் பார்த்ததும் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு கிழமைகளுக்கு முன்னர் அவளது புவியியல் ஆசிரியர் அண்ட்ரூ கேர்னி வகுப்பில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் காட்டியிருந்தார். 1946இல் ஹவாய்த் தீவுகளைத் தாக்கிய சுனாமியின் படம். அலை வருமுன் கடல் எப்படி மாறும் என்பதையும் விளக்கியிருந்தார். டில்லி விடாமல் கத்தினாள். பெற்றோர் ஹோட்டல் ஊழியரிடம் சொன்னார்கள். கரையில் நின்ற சுமார் நூறு பேர் அகற்றப்பட்டார்கள். அந்தக் கடற்கரையில் ஒருவரும் இறக்கவில்லை.

அந்தப் படத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1946 ஏப்ரல் 1ஆம் திகதி ஹவாயில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். லவுபாஹோஹோ என்ற ஊரில் பாடசாலை கடலோரத்திலேயே இருந்தது. கடல் விலகியதைப் பார்க்கக் கரைக்குப் போன பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் அலை கொண்டுபோனது. அந்த இழப்புக்குப் பிறகுதான் 1949இல் பசுபிக்கில் சுனாமி எச்சரிக்கை நிலையம் வந்தது. ஹவாயில் ஒரு பாடசாலை பட்ட பாடு, 58 வருடங்களுக்குப் பின் இங்கிலாந்தில் ஒரு வகுப்பறை வழியாகத் தாய்லாந்தில் உயிர் காத்தது.

சரி, நமக்கு இப்படி ஒரு முன்கதை இருக்கவில்லையா? இருந்தது. 1883 ஆகஸ்ட் 27ஆம் திகதி இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது இலங்கைக் கரையெங்கும் கடல் வற்றித் திரும்பியது. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில் ஒரு பெண் அந்த அலையில் அடிபட்டு இறந்தார். நமது இதே கரையில்! இலண்டன் றோயல் சங்கம் 1888இல் வெளியிட்ட கிரக்கட்டோவா அறிக்கையில் இலங்கைக் கரையில் கண்டவையும் பதிவாகின. ஆனால் அந்த அறிக்கை நூலகத்தில் இருந்தது. நமது வகுப்பறைச் சுவரில் ஒரு படமாக அது ஒருநாளும் தொங்கவில்லை. 121 வருடங்கள் கழித்து அலை வந்தபோது, கடலைப் பார்க்க ஓடியவர்களே அதிகம்.

இங்கே ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய சில விடயங்கள்.

முதலாவது, படம் காட்டினால் மட்டும் போதாது. எட்கார் டேலின் "அனுபவக் கூம்பு" நமக்குத் தெரியும். அவரது நூல் வந்ததும் அதே 1946இல்தான். "வாசித்தால் 10 வீதம் மனதில் நிற்கும், பார்த்தால் 30 வீதம்" என்று அந்தக் கூம்போடு ஒரு கணக்கைப் பல செயலமர்வுகளில் காட்டுகிறார்கள். டேல் அப்படி எந்த வீதமும் எழுதவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒட்டியது அது. கேர்னியின் பாடம் நின்றதற்குக் காரணம் வீதக் கணக்கல்ல. எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

இரண்டாவது, பிழையான படம் ஆபத்தானது. சுனாமி பற்றிய சுவரொட்டி என்றால் பலர் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831 அளவில் வரைந்த பெரிய அலையைப் போடுகிறார்கள். அது கடலில் எழும் சாதாரணப் பெரும் அலை. சுனாமி பெரும்பாலும் வெள்ளம்போல மளமளவென்று ஏறி வரும், நிற்காமல் வரும். தென்னை உயரத்துக்குச் சுருண்டு வரும் அலையை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளை, முழங்கால் தண்ணீரைக் கண்டு ஓடாது. அதேபோல, அன்று களுத்துறையில் கடல் வெகுதூரம் உள்வாங்கியதைக் காட்டும் செய்மதிப் படம் மிகவும் நல்ல சாதனம். ஆனால் அதை மட்டும் காட்டினால், கடல் வற்றினால்தான் சுனாமி என்று பிள்ளை நினைக்கும். வற்றாமலும் அலை வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, படம் நமது ஊருக்குப் பொருந்த வேண்டும். சர்வதேச அறிவிப்புப் பலகையில் ஒரு மனிதன் மேட்டில் ஏறி ஓடுகிறான். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை அப்படி ஏற எந்த மலை இருக்கிறது? கிழக்கே கடல், நடுவே பிரதான வீதி, மேற்கே வயல். நமது பிள்ளைக்குத் தேவையான படம் இதுதான்: தன் வீட்டிலிருந்து மேற்கே போகும் நேரான ஒழுங்கை எது, நெருங்கி நிற்கும் உறுதியான மாடிக் கட்டடம் எது. இதற்கு புரொஜெக்டர் வேண்டாம். ஒரு பிறிஸ்டல் போட்டும் நாலு நிறப் பேனையும் போதும். பிள்ளைகளே வரையட்டும்.

படமே இல்லாமலும் இது முடிந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்ற தீவில் 1907இல் வந்த சுனாமியை மக்கள் "ஸ்மொங்" என்ற ஒரு சொல்லில் வைத்து, தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் நிலம் ஆடியதும் ஒருவரும் கரையில் நிற்கவில்லை. அதிர்வின் மையத்துக்கு மிக அருகில் இருந்தும், எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர். ஆனால் நமக்கு அன்று நிலம் ஆடியது பெரிதாகத் தெரியவில்லை. அதனால் நமது பிள்ளைக்குக் கடலைப் பார்த்து விளங்கும் அறிவு இன்னும் கூடுதலாகத் தேவை.

இன்று நமது வகுப்புகளில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் 2004 ஞாபகமில்லை. பலருக்கு அது உம்மாவும் வாப்பாவும் பேச விரும்பாத ஒரு விடயம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அன்று தண்ணீர் எந்த ஒழுங்கை வரை, எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் போடுங்கள். ஜனாஸாப் படங்கள் வேண்டாம். ஊர் ஊராகத் தொகுத்து வரைபடமாக்கி, கேட்கும் பாடசாலைகளுக்குத் தர நான் தயார்.