நிப்பிளைக் காக்கா தூக்கிட்டுப் போன கதை

தாம்பரம் சண்முகம் சாலை மெடிக்கல் ஷாப், ஃபேன்சி ஸ்டோர் எதில் கேட்டாலும் ரப்பர் நிப்பிள் கிடைக்கும். பாட்டில் கிடையாது, பாலும் வராது. அழுகிற பிள்ளை வாயில் வைத்தால் சப்பிக்கொண்டே அடங்கிவிடும். வாங்குவது சுலபம். இரண்டு வயசுப் பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்குவதுதான் பெரும்பாடு. இந்தப் பெரும்பாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது மக்களே.

ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் சர்க்கரையைத் துணியில் முடிந்து பிள்ளைக்குக் கொடுப்பார்கள். 1506-ல் ட்யூரர் வரைந்த மாதா ஓவியத்தில் குழந்தை இயேசு கையிலேயே அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. 1900-ல் நியூயார்க் மருந்துக்கடைக்காரர் கிறிஸ்டியன் மைனெக் ரப்பர் காம்பு, தட்டு, வளையம் சேர்ந்த வடிவத்துக்குப் பேடண்ட் வாங்கினார். இன்றைய நிப்பிளும் ஏறக்குறைய அதேதான்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சப்பக் கிடைத்தது வேறு. வசம்பு வளையல், செம்மரத்து மரப்பாச்சி, அதுவும் இல்லாவிட்டால் கட்டைவிரல். விடவைக்க வேண்டியிருந்தது தாய்ப்பாலைத்தான். அதற்கு நம் பாட்டிகள் சொல்லும் வார்த்தையைக் கவனியுங்கள்: பால் மறக்கடிப்பது. நிறுத்துவது அல்ல, பறிப்பதும் அல்ல. பிள்ளை தானாக மறந்த மாதிரி ஆகிவிட வேண்டும்! வேப்பிலையை அரைத்து மார்பில் பூசுவார்கள், அல்லது வேப்பெண்ணெய் தடவுவார்கள். சில வீடுகளில் பிள்ளையை நாலு நாள் பாட்டியிடம் படுக்க வைப்பார்கள்.

ரப்பர் நிப்பிள் வந்ததும் இதே வைத்தியம் அப்படியே அதற்கும் இடம் மாறியது. கூடுதலாக வந்தவர் காக்கா. அம்மா நிப்பிளை ஒளித்துவிட்டு, "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்பார். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பக்கம் ஃப்ரெடரிக்ஸ்பெர்க் தோட்டத்தில் இதற்கென்றே ஒரு மரம் இருக்கிறது. பிள்ளையே தன் நிப்பிளை அதில் கட்டித் தொங்கவிட்டு டாட்டா சொல்லிவிட்டு வரும். நாம் பழியைக் காக்கா மேல் போடுகிறோம் :-)

காக்காவால் ஆபத்தில்லை. வேப்பெண்ணெய் அப்படியல்ல. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், மூளை பாதிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்ததை 1981-ல் அங்குள்ள டாக்டர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். புகட்டுவது வேறு, தடவுவது வேறு என்று சொல்லலாம். ஆனால் தடவியதையும் பிள்ளை சப்பத்தானே போகிறது? நிப்பிளைப் பழக்க முதலில் தேனில் தொட்டு வைப்பார்களே, அதுவும் இதே ரகம். 2018-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் தேன் நிரப்பிய நிப்பிள் சப்பிய நாலு குழந்தைகள் பொட்டுலிசம் என்ற நச்சு நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு வயசுக்குள் தேனே கூடாது.

சரி, டாக்டர்கள் என்ன சொன்னார்கள்? 1989-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு 10 படிகள் வகுத்தன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நிப்பிள் கொடுக்காதே என்றது 9-ஆவது படி. 2018-ல் அதைத் தளர்த்தி, ஆபத்துகளைத் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். இடையில் 2005-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, தூங்கும்போது நிப்பிள் இருந்தால் திடீர் சிசு மரணம் குறைகிறது என்று ஆதரவாகவே பேசியது. ஆக நிப்பிள் முழு வில்லன் இல்லை. வயசு ஏறியும் விடாவிட்டால்தான் காது சீழ், முன்பல் தூக்கல் எல்லாம். 3 வயசுக்குள் விட்டுவிட வேண்டும் என்பது பல் டாக்டர்கள் கணக்கு.

இனி காமர்ஸ் மாணவன் மூக்கை நுழைக்கும் இடம். பால் பவுடர் கம்பெனிகளின் விற்பனை உத்திகளை எதிர்த்து 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார சபை 118-க்கு 1 என்ற வாக்கில் ஒரு நெறிமுறை கொண்டு வந்தது. எதிர்த்த அந்த ஒன்று அமெரிக்கா. இந்தியா 1992-ல் சட்டமே போட்டது. 1993 ஆகஸ்ட் 1 முதல் அமல். பால் பவுடருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது. பவுடர் டின்னில் கொழுகொழு குழந்தை படம்கூடக் கூடாது.

ஆனால் சட்டத்தின் வரையறையைப் படித்தால், ஃபீடிங் பாட்டில் என்பதில் அந்தப் பாட்டிலோடு பொருத்தக்கூடிய நிப்பிள் மட்டுமே அடங்குகிறது. பாட்டிலே இல்லாத நிப்பிள்? அது வெளியே நிற்கிறது. 1981 நெறிமுறையிலும் அதே கதை. 2003-ல் நம் சட்டத்தைத் திருத்தி இறுக்கினார்கள். அப்போதாவது ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. அதனால் ஒரே கம்பெனி தன் பாட்டிலை விளம்பரம் செய்தால் இந்தச் சட்டப்படி குற்றம், தன் நிப்பிளைச் செய்தால் குற்றமில்லை. சிரிக்கும் குழந்தை படத்தோடு அட்டையில் விற்கலாம். அதை மறக்கடிக்கும் வேலை மட்டும் வீட்டில் அம்மாவுக்கும் காக்காவுக்கும்.