மனித குலத்தின் சொந்த ஊர்

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியிருக்கும் நம்மைப் புதிதாகக் காண்பவர், பெயரைக் கேட்டறிந்த உடனே, "சொந்த ஊர் எது?" என்று வினவுவது வழக்கம். நாம் கும்பகோணம் என்றோ பாளையங்கோட்டை என்றோ விடை கூறுகிறோம். அருகில் நிற்கும் நம் குழந்தையோ, தான் பிறந்து வளர்ந்த நகரத்தின் பெயரையே தன் ஊராகச் சொல்கிறது. அதைக் கேட்டு நம் மனம் சற்றே வருந்துகிறது. ஆயினும் சிந்தித்துப் பார்த்தால், கும்பகோணத்திற்கு நம் முன்னோர் வந்ததும் வேறோர் ஊரிலிருந்துதான். அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தனர்? இவ்வாறு பின்னோக்கிச் சென்றுகொண்டே இருந்தால் இக்கேள்வி எங்கே போய் முடியும்?

இதற்கு ஆப்பிரிக்கா என்று முதலில் விடை ஊகித்தவர்களுள் ஒருவர் சார்லஸ் டார்வின். மனிதனுக்கு மிக நெருங்கிய உறவினமான கொரில்லாவும் சிம்பன்சியும் அங்கே வாழ்வதால், மனிதனின் மூதாதையரும் அங்கேயே வாழ்ந்திருக்கக்கூடும் என்று அவர் 1871-இல் எழுதினார். எலும்புச் சான்றுகள் பிற்காலத்திலேயே கிடைத்தன. மொராக்கோ நாட்டின் ஜெபல் இர்ஹூத் என்னுமிடத்தில், 1961-இல் சுரங்கம் தோண்டியவர்கள் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தனர். பின்னர் அவ்விடத்தை மீண்டும் அகழ்ந்த ஆராய்ச்சியாளர், அங்குள்ள எலும்புகள் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2017-இல் அறிவித்தனர். முகம் ஏறக்குறைய நம்முடையதே. மண்டை மட்டும் நம்முடையதைப் போல் உருண்டையாக இராமல் நீண்டிருந்தது. கிழக்கே எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றங்கரையில் 1967-இல் கிடைத்த எலும்புகளுக்கு, குறைந்தது 2,30,000 ஆண்டு வயது என 2022-இல் கணக்கிட்டுள்ளனர். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு பல்லாயிரம் கிலோமீட்டர். ஆகவே மனித குலத்தின் பிறப்பிடம் ஒரு சிற்றூரன்று. ஆப்பிரிக்கா எங்கும் சிதறி வாழ்ந்து, அவ்வப்போது ஒருவரோடொருவர் கலந்த பல கூட்டங்களிலிருந்தே நாம் உருவானோம் என்று இன்று பலர் கருதுகின்றனர்.

மண்ணுக்குள் கிடைத்த எலும்பைப் போலவே நம் உடலும் ஒரு சாட்சி. உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பின் மரபுப்பொருள், தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு இறங்குகிறது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 147 பேரின் மைட்டோகாண்டிரியாவை ஒப்பிட்டு, 1987-இல் கலிபோர்னியாவில் ஆலன் வில்சன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அனைவருடைய தாய்வழியும் சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அவள் ஒருத்தியே அக்காலத்துப் பெண் என்பது இதன் பொருளன்று. மகள், மகளின் மகள் என அறுபடாமல் இன்றுவரை நீண்டது அவள் வழி ஒன்றே என்பதுதான் பொருள்.

அக்கண்டத்தை விட்டு வெளியேறியதும் ஒரே முயற்சியில் நிகழ்ந்ததன்று. இஸ்ரேலிலுள்ள ஸ்கூல், கஃப்ஸே குகைகளில் ஏறத்தாழ 1 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நம் இனத்தார் தம் இறந்தோரைப் புதைத்திருக்கின்றனர். ஆயினும் அவர்களுடைய வழி நிலைக்கவில்லை போலும். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் இன்றைய மக்களின் மரபணுவில் மிகப் பெரும்பகுதி, சுமார் 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட கூட்டத்தாரிடமிருந்தே வந்திருக்கிறது. வழியில் அவர்கள் நியாண்டர்தால் என்னும் வேறொரு மனித இனத்தாரைச் சந்தித்தனர். அவர்களோடு மணவுறவும் கொண்டனர். ஸ்வாந்தே பேபோ என்னும் விஞ்ஞானி 2010-இல் இதனை நிறுவினார்; 2022-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் மரபணுவில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு அவ்வினத்தார் தந்த சீதனம்.

இத்துணைத் தொலைவை அவர்கள் எப்படிக் கடந்தனர்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் மட்டுமே நகர்ந்தது என்று கொள்வோம். 15,000 ஆண்டுகளில் அது 15,000 கிலோமீட்டரைக் கடந்திருக்கும். தந்தை வேட்டையாடிய காட்டுக்கு அடுத்த காட்டில் மகன் வேட்டையாடினான். பேரன் அதற்கும் அடுத்த ஆற்றங்கரையில் குடியிருந்தான். உலகைச் சுற்றப் புறப்பட்டோம் என்று அவர்களுள் ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார். இலங்கையின் பாகியன் குகையில் வாழ்ந்தவர்கள், 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குரங்கையும் அணிலையும் வேட்டையாடி மழைக்காட்டு வாழ்வைப் பழகிக்கொண்டனர். ஆழ்கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவை அடைந்தவர்கள், 40,000 ஆண்டுகளுக்கு முன் முங்கோ ஏரிக்கரையில் இறந்தோர் ஒருவர் உடலின் மேல் செங்காவியைத் தூவி அடக்கம் செய்தனர்.

சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றனவே, மனிதன் நம் மண்ணிலேயே தோன்றியிருக்கலாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. அக்கோடரிகள் உண்மை, அவற்றின் தொன்மையும் உண்மை. ஆனால் அவற்றைச் செதுக்கிய கைகள் நம் இனம் தோன்றுவதற்கு மிக முந்திய மனிதர்களுடையவை. பெருமைக்காக வரலாற்றை வளைப்பது நமக்கு அழகன்று.

நம் நாட்டில் வந்து தங்கியவர்களும் ஒரே கூட்டத்தாரல்லர். ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகளும் அமெரிக்க அறிஞர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்திய மக்களுள் மிகப் பெரும்பாலோர் வெவ்வேறு பழங்குலங்களின் கலப்பால் வந்தவர்களே. வடக்கும் தெற்கும், உயர்ந்தோர் எனப்பட்டோரும் தாழ்ந்தோர் எனப்பட்டோரும் இதற்கு விலக்கல்லர். கலப்பின் அளவில்தான் வேற்றுமை. சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கலப்பு பெருமளவில் நிகழ்ந்ததென 2013-இல் மதிப்பிட்டனர். குலத்துக்குள்ளேயே மணம் என்னும் கட்டுப்பாடு இறுகியது அதன் பின்னரே.

ஆகவே, "நீங்கள் வெளியூரார்" என்று எவரேனும் நம்மைச் சுட்டும்போது நாம் குன்ற வேண்டியதில்லை. சொல்பவரின் முன்னோரும் ஒரு நாள் வந்தவரே. அவ்வாறே நாமும் மற்றொருவரை அச்சொல்லால் சுட்டும் உரிமை உடையவரல்லோம். ஊரை மாற்றிய மனிதன் தன் மொழியையும், அடுப்பு மூட்டும் முறையையும், இறந்தோரை எண்ணும் வழக்கத்தையும் கூடவே சுமந்து சென்றான். நம் குழந்தை தான் பிறந்த நகரத்தையே தன் ஊர் என்று சொல்லட்டும், அதில் பிழையில்லை. கும்பகோணத்தின் கதையையும், அதற்கு முந்திய அந்நெடும் பயணத்தின் கதையையும் அதற்குத் தமிழிலேயே சொல்லிவைப்பது நம் கடமை.