இரக்கமின்மைப் பண்புகள், வளரிளம் பருவத்தில்

பிறர் துன்பத்துக்கு மனம் இளகாமை, குற்றவுணர்வின்மை, மேலோட்டமான உணர்ச்சி வெளிப்பாடு ஆகியவை சிறாரிடமும் பதின்பருவத்தினரிடமும் நிலைத்துக் காணப்படுவதை உளவியல் இரக்கமின்மைப் பண்புகள் என்று குறிக்கிறது. வளர்ந்தோரின் சைக்கோபதி எனும் ஆளுமைக் குறைபாட்டில் உள்ள உணர்ச்சிசார் கூறுக்கு இது இணையானது. ஆயினும் வளரும் பிள்ளையைச் சைக்கோபத் என்று அழைப்பது முறையன்று; திருத்த முடியாதவர் என்ற முத்திரை ஆதாரமற்றது, தீங்கானது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு (2013) இதைத் தனி நோயாகக் கொள்ளாமல், பிறர் உரிமைகளையும் விதிகளையும் திரும்பத் திரும்ப மீறும் நடத்தைக் கோளாற்றின் துணைக்குறிப்பாக வைத்துள்ளது. குற்றவுணர்வின்மை, பரிவின்மை, படிப்பிலோ வேலையிலோ அக்கறையின்மை, உணர்ச்சி வறட்சி ஆகிய நான்கில் இரண்டேனும் 12 மாதங்களுக்குக் குறையாமல், ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் தென்பட வேண்டும். சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்று 18 வயதுக்கு முன் முடிவுசெய்ய அக்கையேடு இடந்தருவதில்லை.

உளமருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941இல் வளர்ந்தோரிடம் கண்டு விவரித்த சைக்கோபதிக் குணங்களை உளவியலாளர் ராபர்ட் ஹேர் அளவுகோலாக்கினார்; உளவியலாளர் பால் ஃபிரிக் அவ்வாய்வைச் சிறார் பக்கம் திருப்பினார். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்தோரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வில் ஆய்வாளராகப் பங்குகொண்ட டெரி மாஃபிட், 1993இல் முன்வைத்த பகுப்பு இங்கு இன்றியமையாதது: பெரும்பாலோரின் விதிமீறல் பதின்பருவத்தோடு அடங்கிவிடுகிறது, குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் சிறு பிரிவினரிடமே அது நீடிக்கிறது.

இப்பண்புடையோர் அச்சம் தோய்ந்த முகங்களை இனங்காண்பதில் பின்தங்குவதும், அவர்தம் மூளையில் அச்சம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவின் எதிர்வினை குறைவதும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. தண்டனைக்கு இவர்கள் எளிதில் மசிவதில்லை. எனவே சிகிச்சையில் பெற்றோரின் கனிவும், நல்ல நடத்தைக்கு உடனடிப் பாராட்டும் வெகுமதியும் முதலிடம் பெறுகின்றன.